கட்டற்ற பாடலும் கட்டற்ற உரிமமும்: இசைப் பகிர்வைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் வரலாறு

1. முன்னுரை

இசைத்தட்டு நிறுவனத்தையோ திரைப்பட நிறுவனத்தையோ சாராத இசைக்கலைஞர் ஒருவர் தம் பாடலைத் தாமே ஒலிப்பதிவு செய்கிறார். அதனைக் கேட்கவும் படியெடுக்கவும் பிறருக்கு அளிக்கவும் இரசிகர்களுக்கு முன்கூட்டியே எழுத்தால் இசைவு தந்துவிடுகிறார். இவ்வழக்கம் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உலகின் பல பகுதிகளில் வேரூன்றியுள்ளது. இதனைத் தமிழில் பெயர்த்துக் கூறுவோர் பலரும் 'இலவச இசை' என்னும் தொடரையே கையாளக் காண்கிறோம். இத்தொடர் எளியது, ஆயினும் நிகழ்ந்ததை அது கூறுவதில்லை. 'இலவசம்' விலையின்மையை மட்டும் உணர்த்தும் சொல். இசைக்கலைஞர் அளித்ததோ இசைவு. விலை வேறு, இசைவு வேறு.

இவ்விரண்டுடன் மூன்றாவதாகப் பெயரும் உண்டு. பாடலை எவரும் பாடலாம், படியெடுக்கலாம் என்று கூறும் கலைஞர், அது இன்னாருடையது என்பது மறைக்கப்படக் கூடாது என்றும் கூறுகிறார். எனவே பாடலைப் பகிரும் செயலில் விலை, இசைவு, பெயர் என்னும் மூன்று கூறுகள் உள்ளன. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை அல்ல. தமிழ் இசை வரலாற்றில் இவை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வகையில் சேர்ந்தும் பிரிந்தும் வந்துள்ளன. அதற்கேற்பச் சொற்களும் தோன்றியுள்ளன. அச்சொற்களின் வரலாற்றை ஆராய்ந்து, மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும் வரையறைகளை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயர்: பாடலினுள் அமைந்த அடையாளம்

அச்சு இயந்திரம் வருமுன் பாடல் வாய்மொழியாகவும் ஏட்டின் வழியாகவும் பரவியது. பாடுவோர் எவரிடமும் இசைவு கேட்டதில்லை. ஆயினும் ஆக்கியோன் பெயர் மறைந்துவிடவில்லை. காரணம், பெயர் பாடலுக்கு வெளியே ஒட்டப்படவில்லை; உள்ளேயே அமைக்கப்பட்டது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் பதிகங்களில் இறுதிப் பாடல் அவர் பெயரையும் பதிகத்தை ஓதுவோர் பெறும் பயனையும் கூறும். இதனைத் 'திருக்கடைக்காப்பு' என்பர். இங்குக் 'காப்பு' என்னும் சொல் ஆளப்படுவது மொழியியல் நோக்கில் கருதத்தக்கது. இக்காப்பு பிறரைப் பாடாதவாறு தடுப்பதன்று. ஓதுவோருக்குப் பயன் கூறி ஓதத் தூண்டுவது. பிற்காலத்துக் 'காப்புரிமை' என்னும் சொல்லில் அதே 'காப்பு' தடையைக் குறிப்பதாக மாறியது.

கீர்த்தனை மரபில் இவ்வேலையை 'முத்திரை' செய்கிறது. தியாகராசர் தம் பெயரையே முத்திரையாக வைத்தார். முத்துசாமி தீட்சிதர் 'குருகுக' என்றும், திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 'பத்மநாப' என்றும் அமைத்தனர். முத்திரை எதுகையிலும் தாளத்திலும் பிணைந்திருப்பதால் அதனை நீக்கினால் பாடல் சிதையும். சட்டம் வேண்டாமலே பெயரைக் காக்கும் உத்தி இது. ஒருவர் முத்திரையை மற்றொருவர் பாடலில் புகுத்தும் இடைச்செருகலை இது தடுக்கவில்லை என்பதும் உண்மையே. தியாகராசர் முத்திரை உள்ள பாடல்கள் அனைத்தும் அவருடையனவா என்ற ஐயம் ஆய்வாளரிடையே நிலவுவது இதனாலேயாம்.

இலக்கண மரபும் இதே முதன்மையைப் பெயருக்குத் தருகிறது. நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்குரியனவாகக் கூறும் எட்டனுள் முதலாவது 'ஆக்கியோன் பெயர்' ஆகும். நூலை முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுப்பதும், தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பைச் சேர்ப்பதும், ஒரு படைப்பிலிருந்து மற்றொன்று தோன்றுவதற்குத் தமிழில் முன்பே கலைச்சொற்கள் இருந்தன என்பதைக் காட்டும். இச்சொற்களின் இன்றைய பயன் பின்னர்க் கூறப்படும்.

3. இசைவு வேண்டாத மேடையும் இசைவு விற்ற மேடையும்

முற்கூறிய மரபு எழுத்தால் இசைவு கேளாதது. அது சட்டம் சார்ந்த மரபுடன் ஒரே கலைஞரின் வாழ்வில் எதிர்ப்பட்டதற்குத் திருவனந்தபுரத்துடன் தொடர்புடைய இருவர் தக்க சான்றாவர்.

நீலகண்ட சிவன் (1839-1900) திருவிதாங்கூரில் அரசுப் பணியில் இருந்து அதனை நீங்கியவர். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து தமிழில் மிகுதியான சிவபக்திப் பாடல்களைப் பாடினார். அப்பாடல்கள் பஜனைக் கூட்டங்கள் வழியாகவே பரவின. பாடலைக் கற்றவர் அனைவரும் அதனைப் பரப்புவோர் ஆயினர். 'நீலகண்டன்' என்னும் முத்திரை பாடலோடு சென்றது.

தஞ்சைப் பகுதியின் போலகத்தில் 1890இல் பிறந்த பாபநாசம் சிவன், தந்தை மறைந்தபின் தாயுடன் திருவனந்தபுரம் வந்து, அங்குள்ள சமஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணம் பயின்றார். நீலகண்ட சிவனின் பாடல்களும் பஜனை மரபும் அவரை ஆட்கொண்டன. பிற்காலத்தில் சென்னை மயிலாப்பூரில் மார்கழிதோறும் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் அவர் நடத்திய பஜனை பெயர்பெற்றது. வீதியில் உடன் நடந்து பாடியவர்களுக்குப் பாடல் பொதுவானது. 'ராமதாசன்' என்னும் முத்திரை மட்டும் ஆக்கியோனை நினைவூட்டியது.

1934ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்புமுனையாகும். அவ்வாண்டில் 'கீர்த்தனமாலை' முதல் தொகுதி அச்சேறியது. 'சீதா கல்யாணம்' திரைப்படத்தின் வழியாக அவர் திரைப்பாடலாசிரியரும் ஆனார். அதன்பின் அவர் பாடல்கள் இரு வழிகளில் சென்றன. கோயில் வீதிப் பாடல் பொதுவில் நின்றது. திரைப்பாடலோ படத் தயாரிப்பாளருக்கும் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் உரிய பொருளாயிற்று. கதைமாந்தரின் வாயில் வரும் திரைப்பாடலில் ஆக்கியோன் முத்திரைக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஆதலால் பாடியவரின் பெயரால் அப்பாடல்கள் புகழ்பெற்றன. எழுதியவரை அறியாதார் பலராயினர். இசைவு விற்கப்பட்ட இடத்தில் பெயரும் மங்கியது என்பது இங்குக் கருதத்தக்கது.

4. சட்டம் தந்த சொற்கள்

இந்தியாவில் நூலுரிமை பற்றிய முதல் சட்டம் 1847இல் வந்தது. பிரித்தானியப் பேரரசின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி 1914இல் மற்றொரு சட்டமும், விடுதலைக்குப் பின் 1957இல் இன்று நடைமுறையில் உள்ள சட்டமும் இயற்றப்பட்டன. தமிழ் நூல்களின் முகப்பில் தொடக்கத்தில் 'காபிரைட்' என்ற ஆங்கிலச் சொல்லே தமிழ் எழுத்தில் இடம்பெற்றது. பின்னர்ப் 'பதிப்புரிமை' வந்தது. அச்சிடும் தொழிலிலிருந்து பிறந்த இச்சொல் நூலுக்குப் பொருந்தும். பாடலுக்கும் ஒலிப்பதிவுக்கும் முழுமையாகப் பொருந்தாது. 'காப்புரிமை' இக்குறையை நீக்குவதற்கு உதவினும், புதிய கண்டுபிடிப்புக்கான உரிமையையும் அதே சொல்லால் குறிப்பது வழக்கிலிருப்பதால் மயக்கம் தருகிறது. தமிழ்நாட்டில் 'அறிவுசார் சொத்துரிமை' என வழங்குவது இலங்கையில் 'புலமைச் சொத்து' எனப்படும்.

சொல்லைவிடப் பொருளே இங்குச் சிக்கலானது. பொதுமக்கள் 'பாட்டு' என ஒன்றாகக் கருதுவதைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. பாடலின் சொற்கள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. ஒலித்தட்டிலோ கோப்பிலோ உள்ளது ஒலிப்பதிவு. மூன்றுக்கும் உரியவர் வெவ்வேறு நபர்களாக இருக்கலாம். 1957ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் இசைப் படைப்பை அச்சிலோ எழுத்திலோ வரைவிலோ பதியப்பட்டதாக மட்டுமே வரையறுத்தது. சுரக்குறிப்பு எழுதாது செவிவழி கற்பிக்கும் மரபுக்கு இவ்வரையறையில் இடமில்லை. 1994இல் நிறைவேறி 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தமே இதனை மாற்றியது. நிகழ்த்துவோர் உரிமையும் அத்திருத்தத்திலேயே முதன்முதலாகச் சேர்ந்தது.

திரைப்பாடலைப் பொறுத்தவரை 1977இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்துத் தயாரிப்பாளரையே உரிமையாளராகக் கொண்டது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் வருவாயில் விட்டுக்கொடுக்கவியலாத பங்கைத் தந்தது. நிறுவனம் சாராத கலைஞர் தாமே எழுதி, தாமே இசையமைத்து, தாமே பதிவும் செய்வாராயின் மூன்று உரிமைகளும் அவரிடமே தங்கும். அவற்றை முழுமையாக இரசிகருக்குத் திறந்துவிட அவரால்தான் இயலும். பாடகர் என்ற அளவில் மட்டும் நிற்பவரால் இயலாது.

5. 1948: 'விடுதலை'யும் 'நாட்டுடைமை'யும்

தமிழகத்தில் பாடலின் உரிமை பொதுமக்கள் போராட்டப் பொருளானது சுப்பிரமணிய பாரதியின் பாடல்களால் ஆகும். பாரதி 1921இல் மறைந்தார். அன்றைய சட்டப்படி அவர் படைப்புகளின் உரிமைக்காலம் மறைவுக்குப் பின் ஐம்பது ஆண்டுகள். அதாவது 1971 வரை. நூலாக வெளியிடும் உரிமை ஒருபுறமிருக்க, ஒலிப்பதிவு உரிமை தனியே விற்கப்பட்டு, இசைத்தட்டு வணிகர் வழியாக 1940களில் ஏவி. மெய்யப்பனிடம் வந்தது. 1947இல் வெளியான அவரது 'நாம் இருவர்' திரைப்படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்று இடம்பெற்றபோது உரிமைத் தகராறு எழுந்தது.

இதனையொட்டி எழுத்தாளரும் கலைஞரும் சேர்ந்து அமைத்த அமைப்பின் பெயர் 'பாரதி விடுதலைக் கழகம்'. இப்பெயரின் சொல்லாட்சி சிறப்பாக நோக்கத்தக்கது. கவிஞர் மறைந்து இருபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாடும் விடுதலை பெற்றுவிட்டது. எனவே விடுதலை வேண்டப்பட்டது மனிதருக்கோ நாட்டுக்கோ அன்று, பாடலுக்கு. உரிமைத் தடையிலிருந்து நீங்குதலைக் குறிக்க 'விடுதலை' என்னும் சொல் தமிழில் அவ்வளவு முற்பட்டு ஆளப்பட்டது. மென்பொருள் துறையில் ரிச்சர்டு ஸ்டால்மன் இதனையொத்த கருத்தை அறிவித்தது 1983இல்தான். அங்கு விலையின்மை, விடுதலை ஆகிய இருபொருளும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இருந்ததால் நீண்ட விளக்கம் வேண்டியிருந்தது. தமிழில் 'இலவசம்', 'விடுதலை' எனச் சொல் இரண்டாதலின் அம்மயக்கத்துக்கு இடமே இல்லை. ஆங்கிலத்தின் மயக்கத்தை மொழிபெயர்ப்பின் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தது பிற்காலத்தாரே.

1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றது. மெய்யப்பன் தம்மிடமிருந்த ஒலிப்பதிவு உரிமையைப் பணம் பெறாது அளித்தார். பாரதியின் குடும்பத்தினர்க்கு அரசு தொகை வழங்கியது. 1950களின் நடுவில் படைப்புகள் பொதுமக்கள் உடைமையாயின. இந்நடைமுறைக்கு நிலைத்த பெயர் 'நாட்டுடைமை'. பின்னர்த் தமிழக அரசு நூற்றுக்கும் மேற்பட்ட தமிழறிஞர் நூல்களை இவ்வாறு நாட்டுடைமை ஆக்கியது.

'விடுதலை'க்கும் 'நாட்டுடைமை'க்கும் பொருள் வேறுபாடு உண்டு. முன்னது உடைமையை நீக்குகிறது. பின்னது உடைமையை நாட்டுக்கு மாற்றுகிறது. நடைமுறையில் இரண்டும் ஒரே பயனைத் தந்தன: எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம். ஆயினும் நாட்டுடைமையில் இசைவு தந்தது அரசு, கவிஞர் அல்லர். ஆக்கியோன் தாமே, தம் வாழ்நாளிலேயே, தம் இரசிகருக்கு நேரடியாக இசைவு தரும் வழி அன்று வகுக்கப்பட்டிருக்கவில்லை.

6. 'கட்டற்ற', 'தளையற்ற', 'ஸ்வதந்த்ர'

அவ்வழியை வகுத்தவை கட்டற்ற உரிமங்கள். இந்தியாவில் இக்கருத்து வேரூன்றியதிலும் திருவனந்தபுரத்துக்கு இடமுண்டு. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 சூலையில் ஸ்டால்மன் முன்னிலையில் அந்நகரில்தான் தொடங்கப்பட்டது. மென்பொருளுக்கு வகுத்த நெறியைப் பாடல், படம், எழுத்து ஆகியவற்றுக்கு விரித்த 'படைப்பாக்கப் பொதுமங்கள்' உரிமங்கள் அமெரிக்காவில் 2002 திசம்பரில் வெளியாயின. இந்தியச் சட்டத்துக்கேற்ற வடிவம் 2007 சனவரி 26 அன்று மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வெளியிடப்பட்டது. 2013இல் வந்த நான்காம் பதிப்பு எல்லா நாடுகளுக்கும் பொதுவாக அமைந்தது. 2012ஆம் ஆண்டு இந்தியத் திருத்தம், உரிமம் எழுத்தில் இருந்தால் போதும், கையொப்பம் வேண்டுவதில்லை என்ற நிலையை ஏற்படுத்தியதும், பொது அறிவிப்பால் உரிமையைத் துறக்கலாம் என்றதும் இத்தகைய உரிமங்களுக்கு வலுச்சேர்த்தன.

கேரளத்தில் இதற்கு நிலைத்த சொல் 'ஸ்வதந்த்ர'. 2002 திசம்பரில் தொடங்கிய மலையாள விக்கிப்பீடியா தன்னை 'ஸ்வதந்த்ர' கலைக்களஞ்சியம் என்றது. 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்றது. மலையாளச் சொல் தன்னாட்சியைக் குறிக்கும் உடன்பாட்டுச் சொல். தமிழ்ச் சொல் கட்டின் இன்மையைக் குறிக்கும் எதிர்மறைச் சொல். மென்பொருளுக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் 'கட்டற்ற' நன்கு பொருந்தி நிலைத்துவிட்டது.

பாடலுக்கு அதனை அடையாக்கும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. தமிழில் பாடலை இயற்றுதல் 'பாட்டுக் கட்டுதல்' ஆகும். கலித்துறை வகையொன்று 'கட்டளை' என்னும் அடையைப் பெறுகிறது. கட்டு என்பது பாடலின் அமைப்பு; கட்டில்லாத பாட்டு ஒழுங்கில்லாத பாட்டு. சிலர் பரிந்துரைக்கும் 'தளையற்ற' என்னும் அடை இன்னும் இடர் தருவது. தளை யாப்புறுப்புகளுள் ஒன்று. இரு சீர்களின் பிணைப்பு. 'தளை தட்டுதல்' யாப்புக் குற்றம். ஆகவே 'தளையற்ற பாடல்' என்பதை யாப்பறிந்தோர் குறையுள்ள பாடல் என்றே பொருள்கொள்வர். துறை மாறும்போது அடைமொழியின் பொருள் மாறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தீர்வு எளியது. கட்டு நீங்குவது பாடலில் அன்று, உரிமத்தில். எனவே 'கட்டற்ற உரிமத்தில் வெளியான பாடல்' என்று அடையை உரிமத்துக்குச் சேர்த்தல் வேண்டும். இங்கு 'உரிமை', 'உரிமம்' ஆகியவற்றின் வேறுபாடும் பேணப்படல் வேண்டும். உரிமை ஆக்கியோனிடம் தொடர்ந்து உள்ளது. உரிமம் அவர் பிறருக்கு வழங்கும் எழுத்துப்பூர்வ இசைவு. கட்டற்ற உரிமம் வழங்கியவர் உரிமையைத் துறந்தவர் அல்லர். உரிமையாளராக இருப்பதனாலேயே அவர் நிபந்தனை விதிக்க முடிகிறது.

7. இசைக்கலைஞரும் இரசிகரும்

விலை, இசைவு ஆகியவற்றின் வேறுபாட்டைச் சில நிகழ்வுகள் தெளிவாகக் காட்டும்.

அமெரிக்கப் பாடகர் சோனதன் கூல்ட்டன் 2005 செப்டம்பர் முதல் ஓராண்டு வாரம் ஒரு பாடலாக வெளியிட்டார். வணிக நோக்கின்றிப் பகிரலாம் என்னும் உரிமம் இருந்தமையால் இரசிகர்கள் அப்பாடல்களுக்குத் தாமே காட்சிப்படங்கள் செய்து பரப்பினர். நிறுவன விளம்பரம் இல்லாமல் அவருக்குக் கேட்போர் திரண்டனர். அவருக்குப் பணம் தந்து வாங்கியோரும் அவர்களுள் இருந்தனர்.

'நைன் இஞ்ச் நெய்ல்ஸ்' குழு 2008 மார்ச்சில் வெளியிட்ட 'கோஸ்ட்ஸ்' தொகுப்பு முப்பத்தாறு இசைக்கோவைகள் கொண்டது. முதல் ஒன்பது விலையின்றி அளிக்கப்பட்டன. முழுத் தொகுப்பும் பகிர்வதற்கு உரிமம் பெற்றிருந்தது. அதே தொகுப்பின் சிறப்புப் பதிப்பு 300 டாலர் விலையில் 2,500 படிகள் விற்றுத் தீர்ந்தன. பகிரும் இசைவும் விற்பனையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இத்தொகுப்பை 'இலவச இசை' என மொழிபெயர்ப்பது பிழையாகும்.

இதற்கு மறுதலையான நிகழ்வு தில்லியின் 'இந்தியன் ஓசன்' குழுவினுடையது. 2010 சூலை முதல் அக்குழு '16/330 கஜூர் ரோடு' தொகுப்பின் ஏழு பாடல்களை மாதம் ஒன்றாக விலையின்றி இரசிகருக்கு அளித்தது. தாம் ஒத்திகை பார்த்த வீட்டின் முகவரியையே பெயராகக் கொண்ட இத்தொகுப்பை இசைத்தட்டு நிறுவனத்தைச் சாராது வெளியிட்டமை இந்திய இசையுலகில் குறிப்பிடத்தக்கது. இங்கு நீங்கியது விலை. இதனை 'இலவசமாக அளித்தனர்' என்பது சரியான தமிழே. ஆனால் விலையின்றிக் கிடைக்கும் பாடல் எதுவாயினும், உரிமம் தனியே கூறப்படாதவரை, அதனை மாற்றவோ மறுபதிப்புச் செய்யவோ இசைவு உண்டென்று கொள்ளலாகாது.

நிபந்தனைகளின் மொழிபெயர்ப்பிலும் கவனம் வேண்டும். படைப்பாக்கப் பொதுமங்களின் ஆறு உரிமங்களும் பெயர் சுட்டுதலைக் கட்டாயமாக்குகின்றன. அதன்மேல் வணிக நோக்கின்மை, மாற்றம் செய்யாமை, அதே முறையில் பகிர்தல் ஆகியன தனித்தும் சேர்ந்தும் வரும். பாடலைக் காட்சிப்படத்துடன் பொருத்துவதும் இவ்வுரிமங்களின்படி மாற்றமே. பாடலின் சொற்களை மொழிபெயர்ப்பதும் மாற்றமே. எனவே மாற்றம் செய்யாமை நிபந்தனை உள்ள பாடலின் மொழிபெயர்ப்பைத் தனி இசைவின்றி வெளியிடலாகாது. மொழிபெயர்ப்பை வழிநூலின் வகையாகக் கொண்ட தொல்காப்பிய நெறி இதனோடு முற்றும் ஒத்துச் செல்வது காண்க. ஆகவே இத்தகைய ஆக்கங்களுக்கு 'வழிப்படைப்பு' என்னும் சொல் பொருத்தமானது. பெயர் சுட்டும் நிபந்தனைக்கு 'ஆக்கியோன் பெயர் சுட்டல்' என்பது நன்னூல் வழக்கைத் தழுவியதாக அமையும்.

8. உரிமத்தின் எல்லை: கல்லாற்றுக் காணிகள்

இதுவரை கூறியன அனைத்தும் பாடலுக்கு ஆக்கியோன் ஒருவர் உளர் என்னும் அடிப்படையில் அமைந்தவை. அவ்வடிப்படை இல்லாத இடத்தில் இச்சொற்கள் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதும் ஆராயத்தக்கது. அதற்குத் திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் வழியிலுள்ள கல்லாறு பொருத்தமான இடமாகும்.

நெடுமங்காடு வட்டத்தைச் சேர்ந்த இம்மலைப்பகுதியில் காணிக்காரர் வாழ்கின்றனர். மலைக்கு இப்புறம் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் இம்மக்கள் உள்ளனர். தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடைப்பட்ட கூறுகளைக் கொண்ட இவர்கள் பேச்சு மொழியியலார் கவனத்தை ஈர்ப்பது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் இவர்களைப் பற்றிய விரிவான பதிவு உண்டு. இவர்களிடையே நோய் நீக்கவும் தெய்வத்தை வேண்டவும் 'பிலாத்தி' எனப்படுபவர் சாற்றுப்பாட்டைப் பாடுவார். கொக்கரை என்னும் இரும்புக்கருவியை உரசி எழுப்பும் ஒலி அதற்குத் துணை. இப்பாட்டில் முத்திரை இல்லை, ஆக்கியோன் பெயர் இல்லை, விலையும் இல்லை. ஆயினும் இன்னார், இன்ன வேளையில் பாட வேண்டும் என்னும் இசைவு நெறி அதில் உண்டு.

இப்பாட்டை வெளியார் ஒருவர் ஒலிப்பதிவு செய்து கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டால் என்னாகும்? இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரியவர் அதனைத் தயாரித்தவர். பாடுபவருக்கு நிகழ்த்துவோர் உரிமை உண்டு. அதுவும் தனிமனிதர் உரிமையே. குழுவுக்கென உரிமை எதுவுமில்லை. எனவே உரிமத்தில் குறை காண முடியாது. ஆனால் பாட்டுக்கு உரியோரின் இசைவு அதில் இல்லாமற் போகலாம். 'கட்டற்ற' என்னும் நற்சொல் இங்குத் தராத ஒன்றைத் தந்ததாகக் காட்டிவிடும்.

காணிகள் இத்தகைய சிக்கலை மருத்துவ அறிவில் முன்பே எதிர்கொண்டவர்கள். 1987இல் அகத்தியமலைப் பகுதியில் ஆய்வாளருக்கு வழிகாட்டிய காணிகள் களைப்பு நீங்க உண்ட காயிலிருந்து 'ஆரோக்கியப்பச்சை' என்னும் செடியின் பயன் வெளியுலகுக்குத் தெரிந்தது. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, 1990களின் நடுவில் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்குப் பத்து இலட்சம் ரூபாய்க்கு உரிமம் அளித்தது. உரிமத்தொகையிலும் வருவாய்ப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என முடிவாயிற்று. அதனைப் பெறுவதற்கென்றே 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. பங்கு பெறுவதற்குச் சட்டம் அறிந்த ஓர் உருவை அம்மக்கள் முதலில் அமைக்க வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது. கல்லாற்றுக் காட்டில் வாழும் காணி மருத்துவர் லட்சுமிக்குட்டி, ஐந்நூறு மருந்துகளை நினைவிலிருந்தே ஆக்கவல்லவர் எனப் போற்றப்பட்டு 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஏட்டில் எழுதாது நினைவில் காக்கப்படும் அறிவும் உடையவர் உள்ள அறிவே என்பதற்கு அவர் சான்று.

2024 மே மாதம் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் நிறைவேறிய உடன்படிக்கை மரபணு வளங்களையும் அவற்றோடு இணைந்த மரபறிவையும் பற்றியது. பாட்டு முதலிய மரபுக்கலை வெளிப்பாடுகளை அது தழுவவில்லை. எனவே சாற்றுப்பாட்டு போன்றவற்றில் சட்டம் விட்ட இடத்தைப் பதிவு செய்வோரின் நெறியே நிரப்ப வேண்டியுள்ளது. மொழிக்களப்பணியில் பாட்டைப் பதிவு செய்யும் மொழியியலாருக்கு இது நேரடியாக உரியது. குழுவின் ஒப்புதலைக் குறிக்க 'இசைவு' என்றும், சட்ட ஆவணத்தைக் குறிக்க 'உரிமம்' என்றும் வேறுபடுத்தி எழுதினால், இரண்டாவது இருப்பதால் முதலாவதும் இருப்பதாக மயங்கும் நிலை தவிர்க்கப்படும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. முத்திரை மரபில் பெயர் பாடலினுள் நின்றது, இசைவு கேட்கப்படவில்லை. இசைத்தட்டும் திரைப்படமும் இசைவை விற்பனைப் பொருளாக்கின, பெயர் மங்கியது. நாட்டுடைமை இசைவை அரசின் வழியாக மீட்டது. கட்டற்ற உரிமம் அதனை ஆக்கியோனின் கையிலேயே தந்து, பெயரை எழுத்தால் காத்தது. காணிகளின் பாட்டு, ஆக்கியோன் இல்லாத இடத்திலும் இசைவு உண்டு என்பதை உணர்த்துகிறது.

மொழிபெயர்ப்பில் 'இலவசம்' விலையின்மைக்கு மட்டும் ஆளத்தக்கது. 'கட்டற்ற' என்னும் அடை உரிமத்துக்கு உரியது, பாடலுக்கு அன்று. 'ஆக்கியோன் பெயர் சுட்டல்', 'வழிப்படைப்பு' ஆகியன மரபிலிருந்து கொள்ளத்தக்க கலைச்சொற்கள். இவ்வேறுபாடுகள் பேணப்படாவிடில் இழப்பு சொல்லளவில் நிற்பதில்லை. பகிரலாம் என்று மட்டும் கூறிய கலைஞரின் பாடல் பெயரின்றி விற்கப்படும். விலையின்றிக் கிடைத்ததை மாற்றி வெளியிட்ட இரசிகர் அறியாமலே சட்டத்தை மீறுவார். மலைமக்களின் பாட்டு அவர்கள் அறியாமலே அனைவருக்கும் உரியதென்று அறிவிக்கப்படும். 1948இல் பாடலுக்கு 'விடுதலை' கேட்டவர்கள் அதனை 'இலவசம்' என்று அழைக்கவில்லை. அந்தத் தெளிவு இன்றைய மொழிபெயர்ப்பாளர்க்கும் வேண்டும்.